பிளேனுக்கு மனுவேற்பிள்ளை சொன்ன விலை

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உறையின் வாய் இரண்டு தரம் ஒட்டப்பட்டிருந்தது. பசையின் நிறத்திலேயே தெரிந்தது. வழியில் யாரோ பிரித்துப் படித்திருக்கிறார்கள். படித்தவர்களுக்கு உன் கல்யாணச் செய்தியால் ஒரு பயனும் இருந்திருக்காது. ஆனாலும் இந்தப் பதிலைத் தபாலில் போடாமல், கொழும்புக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரையும் நான் முழுதாக நம்பவில்லை. உறையின் மூடிக்கும் முதுகுக்கும் குறுக்காகக் கையெழுத்து வைத்திருக்கிறேன். அது பொருந்தாமல் இருந்தால் எனக்கு எழுது.

கல்யாணத்துக்குப் பெற்ற தாயாக என் சம்மதம் உண்டு. பெண்ணின் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண் நேராகப் பார்க்கிறது, அது நல்லது. தகப்பன் கண்டியில் கடை வைத்திருந்தவர் என்கிறாய். எந்தத் தெரு, என்ன கடை என்று எழுதவில்லை. அதை நான் வேறு இடத்தில் விசாரித்துக்கொள்கிறேன். இன்று எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்துக்காக. மனுவேற்பிள்ளையின் மகன் றெஜி ரொறன்ரோவுக்கு வந்து, நீங்கள் ஆறு பெடியன்கள் சேர்ந்திருக்கும் வீட்டில் படுக்க ஒரு மூலை கேட்டான் என்றும், நீ மற்ற ஐந்து பேருக்கும் முன்னால், "உன்ர கொப்பர் எங்கட பிளேனில களவெடுத்தவர், களவெடுத்தவற்ர பிள்ளைக்கு இஞ்சை இடமில்லை" என்று சொல்லிப் பனிக்குள் திருப்பி அனுப்பினாய் என்றும் எழுதியிருக்கிறாய். "அம்மா பட்டதுக்கு ஒரு பதில் குடுத்திட்டன்" என்று எழுதி, அதன் கீழே கோடும் போட்டிருக்கிறாய். மனுவேற்பிள்ளை எங்கள் பிளேனில் ஒரு ஆணிகூட எடுக்கவில்லை. எடுத்தார் என்று உனக்குச் சொன்னவள் நான். நீ தாலி கட்டுவதற்கு முன் இது நேராக்கப்பட வேண்டும். முதலில் நடந்ததைப் படி. உனக்குத் தெரிந்த கதையில் பாதி என் கற்பனை.

உன் ஐயா அந்தப் பிளேனை வாங்கியபோது உனக்குப் பன்னிரண்டு வயது. கொழும்புப் பக்கத்தில் பிளேன் ஓட்டப் பழக்கும் கழகம் ஒன்று, ஓடித் தேய்ந்த ஒரு சின்னப் பிளேனைக் கழித்து விற்றது. இரண்டு பேர் இருக்கலாம். மூன்றாவது ஆளுக்கு மடியில்தான் இடம். தெற்கில் புகையிலைக் கடை வைத்திருந்த உன் ஐயாவுக்கு, விடியப் பிடித்த தீவு இறாலை மத்தியானம் கொழும்பு ஹோட்டல்களில் விற்கலாம் என்று ஓர் எண்ணம். ஓட்டுவது யார், ஏறுவது இறங்குவது எங்கே என்று நான் கேட்டேன். "உமக்கு எல்லாத்திலையும் சந்தேகம்" என்றார். இறக்கைகளைக் கழற்றி, இரண்டு லொறிகளில் ஏற்றிப் பண்ணைப் பாலத்தால் தீவுக்குக் கொண்டுவந்தார். மண்டைதீவுச் சந்தியில் லொறி நின்றபோது, மீன் கடகத்தோடு நின்ற ஒரு மனுசி, "ஐயா, இது பறக்கிறதோ, இல்லாட்டி லொறியில ஏத்தித்தான் கொண்டு திரியிறதோ?" என்று கேட்டாளாம். ஐயா அதை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. பிளேன் நாரந்தனையில் எங்கள் வளவுக்குள் வந்து, புகையிலைக் கொட்டிலுக்குள் போனது. மண்சுவர், ஒரு கதவு, யன்னல் கிடையாது. அதற்குப் பிறகு அது வெளியே வரவே இல்லை.

உன் ஐயா கண்மூடியபின், சனம் என்ன சொல்லும் என்பதுதான் என் கவலையாக இருந்தது. செத்த மனிதரின் விசர்வேலை என்று சிரிப்பார்கள். அது தூசி பிடித்துக் கிடந்தால் இன்னும் கூடச் சிரிப்பார்கள். நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். மேசை விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்து, விரல் கறுத்தால் முழு வகுப்பறையையும் மறுபடி துடைக்கவைத்த பள்ளிக்கூடம் அது. வெள்ளிக்கிழமைகளில் வீடு கழுவும்போது பிளேனையும் கழுவத் தொடங்கினேன். நீ வளவுக் கிணற்றில் வாளி வாளியாக அள்ளித் தந்தாய். நான் தும்பு வைத்து உரஞ்சினேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பெயின்ற் போய், உள்ளே வெள்ளிபோலத் தகரம் வெளித்தது. கோயிலுக்குப் போகிற பெண்கள் எட்டிப் பார்த்து, "அக்கா, புதுசு மாதிரியெல்லோ வச்சிருக்கிறியள்" என்பார்கள். எனக்கு அது போதும். கழுவி முடிந்ததும் பூனை ஏறாமல் கதவைச் சாத்திப் பூட்டுவேன். நாலு வருடம் ஒரு வெள்ளிக்கிழமை தவறவில்லை. காய்ச்சலோடும் கழுவியிருக்கிறேன்.

கலவரத்தில் தெற்குக் கடை எரிந்தது. அதன் பிறகு தீவில் உன் வயதுப் பெடியன்கள் எப்படி இருந்தார்கள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பஸ் ஏறினால் திரும்பி வருவாயோ தெரியாது. உன்னை வெளியே அனுப்ப வேண்டும். என் நகைகள் பாதித் தொகைக்குக் காணும். மிச்சத்துக்குப் பிளேன்தான். காணியை விற்கலாம் என்றார்கள். பெடியனை அனுப்பக் காணி விற்க நிற்கிறவளுக்கு எவன் சரியான விலை சொல்வான்? அந்தச் சந்தேகம் சரியானது. அதை இன்றைக்கும் சொல்வேன்.

மனுவேற்பிள்ளையைக் கூப்பிட்டவள் நான்தான். கலவரம் வரை இருபது வருடம் அதே கழகத்தில் மெக்கானிக்காக இருந்தவர். பிறகு ஊர்காவற்றுறையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தார். எங்கள் பிளேனின் வயிறு குடல் எல்லாம் அவருக்குத் தெரியும். அதுவே எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. வந்து சைக்கிளைச் சாத்தியதும் கேட்டுவிட்டேன்.

"மனுவேற்பிள்ளை, இதை வாங்கேக்கையும் நீர் பக்கத்தில நிண்டனீர் எண்டு அவர் சொன்னவர்."

"ஓம் அம்மா, நிண்டனான். வாங்க வேண்டாம் எண்டு சொல்லத்தான் நிண்டனான்."

"அப்ப ஏன் வாங்கினவர்?"

"ஐயா என்ர பக்கம் திரும்பேல்லை அம்மா. பிளேனைப் பாத்துக்கொண்டு நிண்டவர்."

மூன்று நாள் பார்த்தார். நான் கொட்டில் வாசலில் கதிரையைப் போட்டு, பேப்பர் படிப்பதுபோல மூன்று நாளும் அவரைப் பார்த்தேன். நீண்ட பிடி போட்ட ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு ரோர்ச், ஒரு ரூபாய் நாணயம், இவ்வளவுதான் அவரிடம் இருந்தது. நாணயத்தால் தகரத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டி, காதை வைத்துக் கேட்பார். சில இடங்களில் சோக்கால் வட்டம் போடுவார். முன்னாலிருக்கும் காற்றாடியைக் கையால் மெல்லச் சுழற்றி, எஞ்சின் மூச்சு விடுவதைக் கேட்பார். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினார். இரண்டாம் நாள், "இவ்வளவு தட்டிறீர், பிளேன் என்னதான் சொல்லுது?" என்று கேட்டேன். "அம்மா, இதில மூண்டு விதமான சாமான் கிடக்கு" என்றார். "திரும்பப் பறக்கிற சாமான். ஆரும் ஆசைப்பட்டு வாங்கி மேசையில வைக்கிற சாமான். உருக்கிற சாமான். மூண்டுக்கும் மூண்டு விலை. அதில கழட்டிற கூலி, லொறிக் கூலி, வழியில நிக்கிறவைக்குக் குடுக்கிறது எல்லாம் கழிக்கவேணும். உருக்கிறதைப் பறக்கிறது எண்டு சொல்லி உங்களைச் சந்தோசப்படுத்த எனக்கு ஏலாது." ஒரு வியாபாரி இப்படிப் பேசினால் அவன் விலையைக் குறைக்கப் போகிறான் என்று அர்த்தம். நான் கதிரையை இன்னும் இரண்டடி கிட்ட இழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் இறக்கையின் அடி மூடியைக் கழற்றி, உள்ளே நகத்தால் சுரண்டினார். எதுவோ அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கைலேஞ்சியில் சுற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"என்ன அது?"

"ஒண்டுமில்லை அம்மா. குப்பை."

"என்ர வீட்டுக் குப்பை என்ர வீட்டிலயே கிடக்கட்டும். இஞ்சை காட்டும்."

"விடுங்கோ அம்மா." சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். முகம் கறுத்துப்போயிற்று. பிடிபட்டவனின் முகம் என்று நான் நினைத்தேன்.

அன்று பின்னேரம் கொப்பித் தாளில் விலை எழுதித் தந்தார். எஞ்சினில் இரண்டு பாகமும் காற்றாடியும் பறக்கிற சாமான். மணிக்கூடும் மீற்றர்களும் மேசைச் சாமான். இறக்கை, உடம்பு, வால் முழுவதும் உருக்கிறது. காரணம் என்ற இடத்தில், உப்புக் காற்றால் அரிக்கப்பட்டது என்று எழுதியிருந்தார். தம்பி, இதைக் கவனமாகப் படி: அவர் சொன்ன விலையும் என் நகையும் சேர்ந்தால் உன்னை அனுப்பக் காணும். சில்லறைகூட மிஞ்சும். வாங்குகிற ஆளும் அவருக்குத் தெரியும். ஆனால் நான் ஏற்கெனவே வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தபடி, வாங்கிய விலையில் வருடத்துக்கு இவ்வளவு என்று கழித்து, அழகாகக் கோடு போட்டு, விடையை இரண்டு தரம் சரிபார்த்திருந்தேன். என் விடை அவருடையதைப்போல மூன்று மடங்கு. "முகம் பாக்கிற மாதிரி மினுங்கிற சாமானை உருக்கிறதோ? இதென்ன, பின்னேரத்து மீன் விலையோ?" என்று கேட்டேன். "மீன் மாதிரித்தான் அம்மா. நாளைக்கு இதைவிடக் குறையும். இந்த மாசமே குடுங்கோ. தம்பியைக் கெதியா அனுப்புங்கோ" என்றார். அந்தக் 'கெதியா'வில்தான் என் சந்தேகம் உறுதியானது. அவசரப்படுத்துகிறவனுக்கு அதில் ஆதாயம் இருக்கிறது என்று நான் வாழ்நாள் முழுக்க நம்பியிருந்தேன். ஒரு பெடியனின் உயிருக்காகவும் ஒருவர் அவசரப்படலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அவரை அனுப்பிவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. சங்கக்கடை வரிசையில் சொன்னேன். கோயில் வீதியில் சொன்னேன். மனுவேற்பிள்ளை விலை பார்க்க வந்து, ஒரு சாமானைக் கைலேஞ்சியில் சுருட்டிக்கொண்டு போனார் என்று, மடித்த விதத்தைக் கையால் செய்தும் காட்டினேன். நான் வீண்கதை பேசாதவள் என்பதால் எல்லோரும் நம்பினார்கள். வள்ளக்காரர் தங்கள் எஞ்சின்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். உனக்கும் அதையே சொன்னேன். பிறகு நல்ல விலைக்காகக் காத்திருந்தேன். பட்டினத்திலிருந்து ஒரு பழைய இரும்பு வியாபாரி வந்து மனுவேற்பிள்ளையிலும் குறைத்துச் சொன்னான். இருவரும் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். ஒரு மாதம், இரண்டு மாதம், நாலு மாதம். நாலாம் மாதம் நீ பட்டினத்துக்குப் போன பஸ்ஸை ஆமிக்காரர் மறித்து, இளம் பெடியன்களை மட்டும் இறக்கி, உன்னையும் கொண்டுபோனார்கள்.

மூன்று மாதம் கழித்து நீ வந்தாய். அந்த மூன்று மாதத்தைப் பற்றி நீ என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. பாயில் படுக்காமல் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினாய். கேற் சத்தம் கேட்டால் எழுந்து நின்றாய். மனுவேற்பிள்ளையின் விலைக்குச் சம்மதித்திருந்தால் நீ அப்போது கனடாவில் இருந்திருப்பாய். இதை உனக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

அதன் பிறகு நான் விலை பேசவில்லை. காணியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தேன். பிளேனைப் பட்டினத்து வியாபாரியிடம் நிறைக்குக் கொடுத்தேன். நீ கொழும்புக்குப் போய் ஒரு கிழமைக்குள் அவனுடைய ஆட்கள் கோடரியோடு வந்தார்கள். முதல் இறக்கையை வெட்டியதும், உள்ளேயிருந்து வெள்ளையாக, மா போன்ற ஒரு தூள் கொட்டியது. ஒரு சுளகு நிறையக் கொட்டியது. வியாபாரி அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். "அம்மா, இதை ஆர் உவர்த் தண்ணியில கழுவினது? வெளியில பளபளப்பு, உள்ளுக்க ஒண்டுமில்லை. மூட்டு முழுக்க உப்புத் தங்கி அரிச்சுப் போட்டுது. கழுவாமல் விட்டிருந்தால் பாதியாவது நிண்டிருக்கும்" என்றான்.

எங்கள் வளவுக் கிணறு உவர் என்று நம் தீவில் யாருக்குத் தெரியாது? குடிக்க நல்ல தண்ணீர் வண்டியில் வாங்குகிறோம். பித்தளைக் குடத்தைக்கூட நான் கடைசியில் நல்ல தண்ணீரில்தான் அலசுவேன், இல்லாவிட்டால் பச்சை பிடிக்கும். ஆனால் ஒரு இயந்திரத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்ற யாருக்கு மனம் வரும்? நாலு வருடம், வாரம் தவறாமல், உப்பைக் கரைத்து ஊற்றிக் கதவையும் பூட்டி வைத்திருக்கிறேன். உன் மேல் குற்றமில்லை. அள்ளச் சொன்னவள் நான். அந்த வியாபாரிக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "எங்கட வீட்டுக்காரர் இருக்கேக்க கழுவினவர்" என்றேன். வாய் கூசாமல் செத்த மனிதர் மேல் போட்டேன்.

அன்றைக்கே மனுவேற்பிள்ளையின் தாளை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். உப்புக் காற்று என்று எழுதியிருக்கிறாரே, யன்னலில்லாத, பூட்டிக்கிடந்த கொட்டிலுக்குள் என்ன காற்று? இருபது வருடம் பிளேன் பார்த்த மனிதருக்கு அது தெரியாதா? அப்போதுதான் கைலேஞ்சியில் இருந்தது என்ன என்று எனக்கு விளங்கியது. அந்த வெள்ளை மாவை என் கண்ணில் படாமல் மறைத்திருக்கிறார். எனக்கு அது விளங்கி மூன்று வருடத்துக்கு மேலாகிறது. ஒருவருக்கும் சொல்லவில்லை. உனக்கு எத்தனை கடிதம் எழுதினேன், ஒன்றிலும் எழுதவில்லை. வழியில் யாராவது படித்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன்.

உன் மூன்றாம் பக்கத்தைப் படித்த மறுநாள் காலை பஸ்ஸில் ஊர்காவற்றுறைக்குப் போனேன். மனுவேற்பிள்ளை முற்றத்தில் ஒரு தண்ணீர்ப் பீப்பாய்க்குள் வள்ள எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தினார். "வாங்கோ அம்மா, இருங்கோ." நான் இருக்கவில்லை.

"பிளேனைக் கழுவிக் கெடுத்தது நான். உமக்கு அது அண்டைக்கே தெரியும்."

"ஓம் அம்மா."

"பிறகேன் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? ஐயா விட்டுட்டுப் போன சாமான் எண்டு நீங்கள் பூசை மாதிரிச் செய்தனீங்கள். தம்பியை அனுப்ப நிக்கிற நேரத்தில, உங்கட கையாலதான் கெட்டது எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

மன்னித்துக்கொள்ளும் என்று சொன்னேன். நான் இந்தச் சொல்லை இதற்கு முன் யாருக்குச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் தலையைக் குனிந்தார். ஆனால் குசினி வாசலில் நின்ற மனைவி விடவில்லை. "அம்மா, கள்ளன் எண்டதைச் சங்கக்கடையில சொன்னியள், கோயிலடியில சொன்னியள். மன்னிப்பை மட்டும் ஒருத்தரும் இல்லாத எங்கட வீட்டு முத்தத்தில சொல்லுறியள். இதை நாங்கள் ஆருக்குக் கொண்டுபோய்க் காட்டுறது?"

"நீர் சும்மா இரும்" என்றார் மனுவேற்பிள்ளை.

"அவ சரியாத்தான் சொல்லுறா" என்றேன் நான்.

அவள் கொஞ்சம் இறங்கினாள். தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு, "எண்டாலும் உங்கட மகன் நல்ல பிள்ளை. பழசு ஒண்டையும் மனசில வைக்கேல்லை. எங்கட றெஜியைத் தன்ர வீட்டிலயே வச்சிருக்கிறாராம். போன கிழமை றெஜியின்ர கடிதம் வந்தது. எனக்கு இப்பதான் இரவில நித்திரை வருது" என்றாள்.

தேத்தண்ணீரை நான் எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்குத் தெரியாது. தகப்பன் கைலேஞ்சியில் மறைத்தார்; மகன் கடிதத்தில் மறைத்திருக்கிறான். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் உண்மையைச் சொல்லாமல் விட்டதற்காக நான் வெட்கப்படாத ஒரே நேரம் அதுதான்.

மறுநாள் சங்கக்கடையில் மா வந்த நாள். வரிசை வீதி வரை நின்றது. நான் முன்னால் போய் நின்று, மனுவேற்பிள்ளை எங்கள் வீட்டில் ஒன்றும் எடுக்கவில்லை, நான் சொன்னது பொய், பிளேனைக் கெடுத்தவள் நான், என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். உடனே நம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தி, "அக்கா, மனுவேற்பிள்ளையிட்ட ஏதும் அலுவல் இருக்கோ? தண்ணி இறைக்கிற மிசின் பழுதோ?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "மகனுக்குக் கல்யாணமாம், அதுதான் அவ எல்லாரோடையும் ராசியாகப் பாக்கிறா" என்றாள். பொய்யை ஒரே நாளில் நம்பினவர்களுக்கு உண்மையை நம்ப எத்தனை நாள் வேண்டுமோ தெரியாது. கோயில் வீதியிலும் சொல்லியிருக்கிறேன். இன்னும் சொல்வேன்.

இப்போது உன் வேலை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே, அடுத்த நாளைக்கு என்று வைக்காமல், றெஜி எங்கே படுக்கிறான் என்று தேடிப் போ. நீ அவனை எந்த ஐந்து பேருக்கு முன்னால் திருப்பி அனுப்பினாயோ அதே ஐந்து பேருக்கும் முன்னால், ஒருவர் குறையாமல், இந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை உரத்துப் படி. என்னைப் பற்றிய பகுதிகளை விட்டுவிடாதே. வியாபாரிக்கு நான் சொன்ன பொய்யையும் படி. பிறகு அவன் கேட்ட மூலையை அவனுக்குக் கொடு. மூலை இல்லாவிட்டால் உன்னுடையதைக் கொடு. அவன் தாய்க்கு எழுதியது உண்மையாகிவிட வேண்டும்; அது பொய்யாக இருந்தது என்று அவள் ஒரு நாளும் அறியக்கூடாது. கல்யாணத்தில் அவன் உன் பக்கத்தில் நிற்க வேண்டும்.

செய்துவிட்டேன் என்று நீ எழுதினால் நான் நம்பமாட்டேன். உன்னை வளர்த்தவள் நான். றெஜி எழுதினாலும் நம்பமாட்டேன். பிறரின் மனம் நோகாமல் இருக்கப் பொய் எழுதக்கூடிய குடும்பம் அது. ஆகையால் அந்த ஐந்து பெடியன்களும் தங்கள் தங்கள் கையால், முழுப் பெயரோடு, றெஜி எங்களுடன்தான் இருக்கிறான் என்று ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பட்டும். ஐந்து கையெழுத்தும் ஒரே பேனையில் இருக்கக்கூடாது.

அம்மா